மூன்றா எட்டா

திவிசோரியாவுக்குப் புறப்படும் முன்
உடம்பையே வங்கியாக்கிக்கொள்வேன்.
ஐந்நூறு, இடது காலுறையில்.
ஆயிரம், உள்ளாடைக்குள் ஊக்கு குத்தி.
வண்டிச் சில்லறை வலது கை வியர்வையில்.
தோள்பை முதுகில் அல்ல, வயிற்றில்:
எட்டு மாதக்காரி போல
தாங்கித் தாங்கி நடப்பேன்.

வெளி ஜிப்பில் ஒரு பழைய பர்ஸ்.
அது திருடனுக்கு.
செய்தித்தாளை நோட்டளவு நறுக்கி அடுக்கி
மேலே நிஜமாக ஒரு இருபது பேசோ.
அது எதற்கடி என்றாள்
சலவைக்கடையில் என்னோடு துணி மடிக்கும் எர்லிண்டா.
கிறிஸ்துமஸ் வாரத்தில்
அவன் மட்டும் வெறும் காகிதத்தோடு வீட்டுக்குப் போவானா?

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லையாம்.
சொன்னவர் போனஸ் வாங்கிய மறுநாள்
இந்தத் தெருவில் நடந்திருக்க மாட்டார்.
மடியே இல்லாதவனையும்
இங்கே ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள்.

எலிசியோவுக்கு ஆறு வயது.
முன்கையில் நீலப் பேனாவால் என் எண்ணை எழுதினேன்.
கூசுகிறதென்று சிரித்தான்.
கடைசி இலக்கத்தில் பேனா வழுக்கியது.
திருத்தலாம் என்றிருந்தேன்,
ஜீப்னி வந்துவிட்டது.

நூறுக்கு மூணு! நூறுக்கு மூணு!
சட்டையா சாக்ஸா பொம்மையா தெரியாது,
தெருவே நூறுக்கு மூணு.
ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்:
உங்கள் பைகளைக் கவனியுங்கள்.
கவனித்தோம்.
எல்லோரும் ஒரே நொடியில் தொட்டுப் பார்த்து
எது எங்கே இருக்கிறதென்று
பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் காட்டிக்கொடுத்தோம்.

குக்கர் கடை முன்னால் கூட்டம் மடை உடைந்தது.
ஒரு கையால் பையை அணைத்தேன்,
மறு கையால் கையைப் பிடித்தேன்.
விட்டுவிடாதே, விட்டுவிடாதே,
நாற்பது அடி இழுத்துப் போய்
ஒரு தூணோரம் மூச்சு வாங்கிக் குனிந்தால்
என் பிடியில் ஒரு சிறுமி.
முன்பற்கள் இல்லை. அழவும் இல்லை.
நீங்கள் என் அம்மா இல்லை என்றாள்
எனக்குத் தெரியாத எதையோ சொல்வது போல.

காலுறை பத்திரம்.
ஊக்கு பத்திரம்.

அவள் அம்மா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.
அறைவாள் என்று நினைத்தேன்.
நான் அவள் கைகளைத்தான் பார்த்தேன்,
என் கையை அவள் பிடித்து வந்திருப்பாளோ என்று;
என் கையை என்றால், எலிசியோவின் கையை.
இரண்டிலும் பொட்டலங்கள்.

பிறகு கத்தினேன்.
எலிசியோ என்று கத்தினேன்,
நூறுக்கு மூணு என்று பதில் வந்தது.

போன்?
பாதுகாப்பாகத்தானே வைத்திருந்தேன்:
ஒலியை அணைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு,
கைக்குட்டைக்குள் சுற்றி, பையின் அடியில்.
தவறிய அழைப்புகள் ஐந்து.

நட்சத்திர விளக்கு விற்கும் அப்போலோனியோ என்பவர்.
அவருடைய ஸ்டூலில் எலிசியோ,
வாய் நிறைய வேகவைத்த சோளம்.
வியர்வையில் ஊறிய கடைசி இலக்கம்
மூன்றா எட்டா என்று தெரியவில்லையாம்.
முதலில் எட்டைப் போட்டிருக்கிறார்:
கவித்தேயில் ஒரு சவரக்கடை.
பையன் எங்களுடையவன் இல்லை,
ஆனாலும் ஆள் கிடைத்தால் சொல்லுங்கள் என்றார்களாம்.
இரண்டு முறை அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்களாம்.

ஒரு விளக்கு வாங்கினேன். பேரம் பேசவில்லை.
நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க,
காலுறையைக் கழற்றினேன்.

வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்,
பையின் வெளிப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு பிளேடு கோடு.
வருடம் முழுக்கத் துணி பார்ப்பவள் சொல்கிறேன்,
அவ்வளவு நேர்த்தி.
பர்ஸ் இல்லை.
வாங்கிய மூன்று சட்டைகளில்
ஒன்று எலிசியோவுக்குச் சின்னது.

குளிக்க மாட்டேன் என்கிறான்,
எண் போய்விடுமாம்.
அவன் தூங்கிய பிறகு
சவரக்கடைக்கு ஒரு செய்தி அனுப்பினேன்,
என் எண்ணையே அடித்து
ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி:
கிடைத்துவிட்டான்.